நாலு வீதிக்கு நாலு பிராசசர்

தேர் அன்றைக்குச் சிதம்பரத்தில் எவனும் இடப்பக்கமாகச் சுற்ற மாட்டான். கீழவீதியில் புறப்படும் தேர் தெற்கு வீதி, மேலவீதி, வடக்கு வீதி என்று வலம் வந்து மறுபடி கீழவீதிக்கே வந்து சேரும். சனமும் அப்படியேதான் போகும். இதை யாரும் யாருக்கும் சொல்லிக்கொடுப்பதில்லை. கம்ப்யூட்டருக்கு மட்டும் சொல்லிக்கொடுக்க வேண்டியிருந்தது. சொல்லிக்கொடுத்த மூன்று பேரில் ஒருத்தி சத்யப்பிரியா. ரொம்ப நன்றாகச் சொல்லிக்கொடுத்துவிட்டார்கள், அதுதான் வந்த வினை.

சத்யப்பிரியா திட்டக்குடிப் பக்கம் பிறந்து சிதம்பரத்துக்கு வாழ்க்கைப்பட்டவள். தினமும் கடலூருக்குப் பஸ் ஏறி, மஞ்சக்குப்பத்தில் ஒரு மருந்துக்கடைக்கு மேலே இருக்கும் மூன்று அறை ஆபீசில் வேலை பார்க்கிறாள். என்ன வேலை என்று சொந்தக்காரர்கள் கேட்டால் "கம்ப்யூட்டர்ல" என்பாள். அதற்கு மேல் கேட்க யாருக்கும் பொறுமை இருப்பதில்லை. உண்மையில் அங்கே நடப்பது கூட்டத்தைப் பற்றிய கணக்கு. ஓர் இடத்தின் வரைபடத்தைக் கம்ப்யூட்டருக்குள் போட்டு, அதில் ஆயிரக்கணக்கான புள்ளிகளை விடுவார்கள். ஒரு புள்ளி ஒரு மனுஷன். எந்த இடத்தில் நெரிகிறது, எந்த இடத்தில் தடையில்லாமல் போகிறது என்று புள்ளிகளை நடக்கவிட்டுப் பார்ப்பார்கள்.

முதலாளி தட்சிணாமூர்த்தி. ஒரு காலத்தில் கல்லூரியில் பாடம் எடுத்தவர். இப்போதும் டீ சொல்லும்போதுகூடப் பாடம் எடுக்கிற குரல்தான் வரும். இன்னொருவன் ஆரோக்கியராஜ், கடலூர் முதுநகர்க்காரன், புரோகிராம் எழுதுகிறவன். அவன் அதிகம் பேச மாட்டான். பேசினாலும் யாரும் கேட்பதில்லை.

தேர்க் கூட்டத்தை எங்கே திருப்புவது, எந்தச் சந்துகளை அடைப்பது என்று முடிவு செய்கிறவர்கள் இந்த வருஷம் இவர்களிடம் ஒரு கணக்குக் கேட்டிருந்தார்கள். நாலு வீதியையும் மொத்தச் சனத்தையும் ஒரே பிராசசரிடம் கொடுத்தால், ஒரு தடவை தேரை ஓட்டிப் பார்க்கவே அது நாள்கணக்கில் உட்கார்ந்திருந்தது. மழை வந்தால் எப்படி, தேர் நடுவில் நின்றுபோனால் எப்படி, கூட்டம் இரண்டு மடங்கானால் எப்படி என்று மாற்றி மாற்றிப் பல தடவை ஓட்ட வேண்டும். அந்த வேகத்தில் போனால் நிஜத்தேர் நிலைக்கு வந்து சேர்ந்த பிறகுதான் கணக்கு வந்து சேரும்.

அதனால் வேலையைப் பிரித்தார்கள். ஆபீசில் இருந்த பெரிய மெஷினில் கீழவீதிக்கு ஒரு பிராசசர், தெற்கு வீதிக்கு ஒன்று, மேலவீதிக்கு ஒன்று, வடக்கு வீதிக்கு ஒன்று. ஒவ்வொன்றும் தன் வீதியில் இருக்கிற ஆட்களை மட்டும் நகர்த்தும். நாலும் ஒரே நேரத்தில் வேலை பார்க்கும். வீதி முனைக்கு வந்த ஆளை அடுத்த வீதிக்காரனிடம் ஒப்படைக்க வேண்டும். ஒப்படைப்பு முடிந்தால்தான் எல்லாரும் அடுத்த அடி எடுத்து வைக்கலாம்.

ஆரோக்கியராஜ் எழுதிய முதல் புரோகிராமில் ஒப்படைப்பு இரண்டு பக்கமும் இருந்தது. முன்னால் போகிறவனையும் கொடுக்கலாம், திரும்பி வருகிறவனையும் கொடுக்கலாம். ஓடவிட்டார்கள். கொஞ்ச நேரம் ஓடியது, அப்புறம் நின்றது. எந்தத் தப்பும் காட்டவில்லை, சும்மா நின்றது. கீழவீதி பிராசசர், "முதலில் நீ உன் ஆளைக் கொடு" என்று தெற்கு வீதிக்காகக் காத்திருந்தது. தெற்கு வீதி, "இல்லை, நீ கொடு" என்று கீழவீதிக்காகக் காத்திருந்தது. கல்யாண வீட்டு வாசலில் இரண்டு சம்பந்திகள் நின்றுகொண்டு நீங்க போங்க, நீங்க போங்க என்கிற கதைதான். கடைசியில் இருவருமே உள்ளே போகவில்லை.

"ரெண்டு நாள் குடுங்க சார், சரி பண்ணிடறேன்" என்றான் ஆரோக்கியராஜ்.

"ரெண்டு நாளா? நாளைக்கு நான் போய் அவுங்க முன்னாடி நிக்கணும். எதுனால நிக்குது, அத மொதல்ல சொல்லு."

"திரும்பி வர்றவங்களாலதான் சார். முன்னாடி போறவங்கள மட்டும் ஒப்படைச்சா ஒண்ணும் ஆவாது. எதுத்தாப்ல வர்றவங்களையும் சேத்து ஒப்படைக்கிறப்பதான் ரெண்டும் மாட்டிக்குது."

"எதுத்தாப்ல எவன்யா வர்றான்?" தட்சிணாமூர்த்திக்கு நிஜமாகவே ஆச்சரியம். "தேரன்னிக்கு அப்பிரதட்சணமா எவன் நடப்பான்?"

"எங்க மாதா கோயில் தேர்பவனில போறவங்களும் இருப்பாங்க, வர்றவங்களும் இருப்பாங்க சார். கொழந்தையக் காணோம்னா ஒருத்தி திரும்ப மாட்டாளா?"

"அது உங்க தேருப்பா. இது வேற. சத்யா, நீ சொல்லு. நீதான அந்த ஊருக்கு வாக்கப்பட்டவ?"

சத்யப்பிரியா சிரித்துவிட்டாள். "யாரும் திரும்ப மாட்டாங்க ஆரோக்கியம். எங்க ஊர்ல ஆடு மாடுகூட அன்னிக்கு வலமாத்தான் போவும்."

அவ்வளவுதான். ஆரோக்கியராஜ் திரும்பி வருகிறவர்களை ஒப்படைக்கிற வரிகளை எடுத்துவிட்டான். அதற்குப் பிறகு மெஷின் பறந்தது. திரும்ப நினைக்கிற புள்ளி வீதி முனை வரைக்கும் வரும். அங்கே அதை வாங்கிக்கொள்ள ஆள் இல்லை. கொஞ்சம் தயங்கும், பிறகு முகத்தைத் திருப்பிக்கொண்டு கூட்டத்தோடு முன்னால் போய்விடும். பார்க்கிறவர்களுக்கு அது தயங்கியதே தெரியாது.

கணக்கில் இன்னொன்றும் வந்தது. கீழவீதியும் தெற்கு வீதியும் சேரும் முனைக்குப் பக்கத்தில் பூக்காரச் சந்து என்று ஒன்று இருக்கிறது. கீழவீதியில் ஒரு வாய், தெற்கு வீதியில் ஒரு வாய், நடுவில் மடங்கிப் போகும். இரண்டு பேர் எதிரெதிரே வந்தால் ஒருவர் சுவரோடு ஒட்டிக்கொள்ள வேண்டும். அந்தச் சந்தை எந்தப் புள்ளியும் பயன்படுத்தவேயில்லை. பயன்படுத்தாது. தெற்கு வீதியிலிருந்து கீழவீதிக்குத் திரும்புகிறவனுக்குத்தான் அந்தச் சந்து வேண்டும்; அப்படி ஒருவனும் கணக்கில் இல்லையே. வேடிக்கை பார்க்க ஒதுங்கி நின்றவர்களால் சந்து வாயில் கொஞ்சம் நெரிசல் ஆனதுதான் மிச்சம். ஆகவே இரண்டு வாயையும் தடுப்பு வைத்து அடைத்துவிடலாம் என்று எழுதினார்கள்.

கூடவே ஒரு தடவை, அடைத்த தடுப்பைக் கூட்டத்தின் நடுவில் திறந்தால் என்ன ஆகும் என்றும் ஓட்டிப் பார்த்தார்கள். அழுத்தம் தாங்காத புள்ளி இவர்கள் திரையில் சிவப்பாக மாறும். சிவந்த புள்ளி அதற்கு மேல் நகராது. சந்து வாயில் புள்ளிகள் கொத்தாகச் சிவந்தன. ஆரோக்கியராஜ் திரையை அணைத்துவிட்டு எழுந்து போய்த் தண்ணீர் குடித்தான். தேர் தாண்டும் வரை தடுப்பை எக்காரணம் கொண்டும் திறக்கக் கூடாது என்று சத்யப்பிரியாதான் தன் கையால் தட்டச்சு செய்தாள்.

அவளுடைய வீடு இருப்பதே அந்தப் பூக்காரச் சந்தில்தான். பச்சைக் கதவு, சந்து மடங்குகிற இடத்தில்.

அந்த வீட்டில் அவளும் கணவன் செம்பியனும் மாமனார் சடையப்பனும். சடையப்பன் ஓய்வு பெற்ற டவுன்பஸ் கண்டக்டர். காட்டுமன்னார்கோயில் ரூட்டில் அவரைத் தெரியாதவர்கள் கிடையாது. இப்போது அவருக்கே அவரைச் சில நேரம் தெரிவதில்லை. மறதி வியாதி. கதவு திறந்திருந்தால் சட்டையை மாட்டிக்கொண்டு டூட்டிக்குக் கிளம்பிவிடுவார். ஒரு தடவை வீராணம் ஏரிக்கரையில் உட்கார்ந்திருந்தவரை யாரோ அடையாளம் தெரிந்து கூட்டிவந்து விட்டார்கள். அதிலிருந்து வீட்டில் யாரும் இல்லாத நேரத்தில் வெளியே பூட்டிவிட்டுப் போவது என்று ஆகிவிட்டது. செம்பியன் இதைப் பற்றி ஒரே ஒரு தடவைதான் பேசினான். "ஊருக்கெல்லாம் தெரிஞ்ச மனுஷன் சத்யா. அடைச்சு வச்சிருக்கோம்னு ஒருத்தருக்கும் தெரியக் கூடாது" என்றான். பேசும்போது அவள் முகத்தைப் பார்க்கவில்லை. பூட்டைத் தொடும் ஒவ்வொரு தடவையும் அவளுக்கு வெட்கமாக இருக்கும். பூட்டாமல் போனால் பயமாக இருக்கும். இந்த இரண்டுக்கும் நடுவில்தான் அவள் தினமும் பஸ் பிடித்தாள்.

தேர் அன்றைக்கு ஆபீஸ் லீவு. செம்பியன் விடிந்ததுமே வடம் பிடிக்கப் போய்விட்டான். போனை வீட்டிலேயே வைத்துவிட்டுப் போனான், கூட்டத்தில் தொலைந்துவிடும் என்று. சடையப்பன் சாப்பிட்டுவிட்டு மாத்திரை போட்டுக்கொண்டு கட்டிலில் படுத்திருந்தார். சத்யப்பிரியா பாலை அடுப்பில் சிம்மில் வைத்தாள். அந்த நேரம் கீழவீதிப் பக்கமிருந்து தாரை தப்பட்டைச் சத்தம் பெரிதாகக் கேட்டது. தேர் முனைக்கு வரப்போகிறது.

மூன்று மாதமாகத் திரையில் புள்ளியாகப் பார்த்த கூட்டம். நிஜத்தில் ஒரே ஒரு நிமிஷம் பார்க்க வேண்டும் என்று அவளுக்கு ஆசை வந்துவிட்டது. அதில் தப்பு ஒன்றும் இல்லை. கல்யாணச் சமையல்காரன்கூடப் பந்தியை ஒரு தடவை எட்டிப் பார்ப்பான். கதவைப் பூட்டினாள், சாவியை ஜாக்கெட்டுக்குள் சொருகினாள், கீழவீதிப் பக்கத்துச் சந்து வாய்க்கு வந்தாள். அங்கே தடுப்பு இன்னும் முழுக்கச் சாத்தவில்லை. ஒரு ஆள் போகிற இடைவெளி இருந்தது. அதன் வழியாக வெளியே வந்து சுவரோரமாக நின்றாள்.

அவள் பின்னால் தடுப்பைச் சாத்திக் கயிறு கட்டிவிட்டார்கள். சரியான நேரத்தில் சாத்தினார்கள். நேரத்தைக் குறித்துக் கொடுத்ததே அவள்தான்.

தேர் நன்றாகத் தெரிந்தது. ஆனால் தேருக்கு முன்னால் வருகிற கூட்டம் தேரைவிடப் பெரிதாக இருந்தது. அது வந்து அவளைத் தொட்டதும் சுவர் அவளை விட்டுப் போய்விட்டது. நகர்ந்தது சுவரல்ல, தான்தான் என்று புரிய அவளுக்குக் கொஞ்ச நேரம் ஆனது. காலை ஊன்றப் பார்த்தாள். ஊன்ற இடமில்லை. "திரும்பணும், வழி விடுங்க" என்றாள். முன்னால் நின்றவர், "எங்கம்மா திரும்புறது? முன்னாடிப் போ" என்றார். கோபமாகக்கூடச் சொல்லவில்லை, தெரியாதவளுக்கு வழி சொல்வது போலச் சொன்னார்.

முனை திரும்பித் தெற்கு வீதிக்குள் வந்துவிட்டாள். அப்போதுதான் பாலின் ஞாபகம் வந்தது.

பால் பொங்கும். பொங்கினால் அடுப்பு அணையும். கேஸ் நிற்காது, வந்துகொண்டே இருக்கும். வெளியே பூட்டிய வீட்டில், சன்னலைத் திறக்கத் தோன்றாத ஒரு மனுஷர் படுத்திருக்கிறார். பீடிக்காகத் தீப்பெட்டியை அவர் எங்கே ஒளித்துவைக்கிறார் என்று இவர்கள் இன்னும் கண்டுபிடிக்கவில்லை. போனை எடுத்துப் பக்கத்து வீட்டு இளமதிக்கு அடித்தாள். சத்தமே இல்லை. தேர் அன்றைக்கு டவருக்கும் நெரிசல். இளமதி மட்டும் வீட்டிலா இருக்கப்போகிறாள், அவளும் இந்தக் கூட்டத்தில்தான் எங்கேயோ நகர்ந்துகொண்டிருப்பாள்.

மறுபடியும் திரும்பப் பார்த்தாள். தோளை நுழைத்தாள், கெஞ்சினாள், ஒருவன் காலை மிதித்துத் திட்டு வாங்கினாள். ஓர் அடி பின்னால் வைத்தால் இரண்டு அடி முன்னால் தள்ளப்பட்டாள். அந்த இடத்தில், அந்த அழுத்தத்தில்தான் அவளுக்கு அது தெரிந்தது. முனை வரைக்கும் வந்து தயங்கி, பிறகு முகத்தைத் திருப்பிக்கொண்டு முன்னால் போன புள்ளிகள். அவற்றுக்கும் அடுப்பில் பால் இருந்திருக்கும். ஆரோக்கியராஜ் சொன்னான். இவள் சிரித்தாள். இப்போது அந்தச் சிரிப்பை நினைத்து அவளுக்கு ஆத்திரமாக வந்தது.

ஒரு வழிதான் இருந்தது. பூக்காரச் சந்தின் இன்னொரு வாய் தெற்கு வீதியில் இருக்கிறதே. கூட்டம் அதைத் தாண்டித்தான் போகும். அவள் ஓரத்துக்கு, ஓரத்துக்கு என்று நெளிந்து, சந்து வாய் வந்ததும் தடுப்புக் கம்பியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். கூட்டம் முதுகை உரசிக்கொண்டு போனது. கம்பியை விடவில்லை.

உள்பக்கம் ஒரு கான்ஸ்டபிள் நின்றிருந்தார். சட்டையில் தமிழ்மணி என்று பெயர். அவருக்குப் பின்னால், கூப்பிடு தூரம்கூட இல்லை, பச்சைக் கதவின் ஓரம் தெரிந்தது.

"சார், கொஞ்சம் தொறங்க. என் வூடு அதோ, அந்தப் பச்சக் கதவு. அடுப்புல பால வச்சிட்டு வந்துட்டேன்."

"தொறக்க முடியாதும்மா. ஆர்டர் இல்ல. முன்னாடிப் போயி சுத்திட்டு வாங்க."

"சார், உள்ள ஆள் இருக்காங்க சார்."

"ஆள் இருந்தா அவுங்க அணைப்பாங்கல்ல?"

அவள் பச்சைக் கதவையே பார்த்தாள். தமிழ்மணி அதைப் பொய் என்று எடுத்துக்கொண்டார். காலையிலிருந்து எத்தனை பேர் எத்தனை காரணம் சொல்லியிருப்பார்களோ. "நானா அடைச்சேன்? இதெல்லாம் கம்ப்யூட்டர்ல போட்டுப் பாத்து அனுப்பியிருக்காங்கம்மா" என்றார்.

"அந்தக் கம்ப்யூட்டர்ல போட்டதே நாந்தான் சார்!"

கத்தியே விட்டாள். பக்கத்தில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். தமிழ்மணி அவள் முகத்தை உற்றுப் பார்த்தார். நம்பினாரா என்று தெரியவில்லை, ஆனால் கை கயிற்று முடிச்சுக்குப் போனது. "நெசமாவே நீங்கதான்னா நீங்களே சொல்லுங்க. இப்ப இதத் தொறக்கலாமா?"

அவள் திரும்பிப் பார்த்தாள். பின்னால் தெற்கு வீதி நிறைய மனுஷர்கள். இடுப்பில் குழந்தையோடு ஒருத்தி, அவள் முந்தானையைப் பிடித்துக்கொண்டு இன்னொரு பெண், மூக்குக்கண்ணாடி கோணலாகத் தொங்கும் ஒரு பெரியவர். தேரின் வடம் முனையில் திரும்ப ஆரம்பித்திருந்தது. எல்லாருடைய கண்ணும் தமிழ்மணியின் கை மேலே இருந்தது. ஒரு சின்ன இடைவெளி கிடைத்தால் போதும், எல்லாரும் இதற்குள்தான் வருவார்கள். இரண்டு பேர் எதிரெதிரே நடக்க முடியாத சந்து.

தப்பான கணக்குதான் போட்டார்கள், சந்தேகமே இல்லை. ஒரு தப்பு இருக்கிற கணக்கில் எதை நம்புவது, எதை விடுவது? அந்தச் சிவப்புக் கொத்து மட்டும் சரியாக இருந்தால்? அவளுக்கு அழுகை வந்தது. தனக்கு ஒன்றும் தெரியாமல் இருந்திருந்தால் எவ்வளவு நன்றாக இருந்திருக்கும் என்று நினைத்தாள். தெரியாதவளாக இருந்தால் காலில் விழுந்தாவது திறக்கச் சொல்லியிருப்பாள்.

"தொறக்காதீங்க" என்றாள்.

"இன்னாம்மா?"

"தொறக்காதீங்க சார். எவன் சொன்னாலும் தொறக்காதீங்க." ஜாக்கெட்டுக்குள்ளிருந்து சாவியை எடுத்துக் கம்பிக்கு இடையே நீட்டினாள். "நீங்க போயி அந்தப் பூட்டத் தொறங்க. மொதல்ல அடுப்ப அணைங்க. சன்னலத் தொறங்க. லைட்டுச் சுவிட்சத் தொடாதீங்க."

தமிழ்மணி சாவியை வாங்கவில்லை. "பூட்டா? வெளிய பூட்டா? உள்ள ஆள் இருக்காங்கன்னீங்க?"

"எங்க மாமனார்."

"பெரியவர உள்ள வச்சுப் பூட்டிட்டா தேர் பாக்க வந்தீங்க?"

இத்தனை நாள் ஒருத்தருக்கும் தெரியாமல் காத்த விஷயத்தைக் கேட்க ஒரு வீதியே நின்றது. இடுப்புக் குழந்தைக்காரி, "அடிப்பாவி" என்றாள், மெதுவாகத்தான். சத்யப்பிரியாவுக்குக் காது இரண்டும் எரிந்தன. "ஆமா சார். பூட்டிட்டுத்தான் வந்தேன்" என்றாள். "போங்க சார். சீக்கிரம் போங்க."

அவர் சாவியை வாங்கிக்கொண்டார். உடனே நின்றார். "நான் போனா இங்க யாரு நிப்பா? எல்லாத்தையும் தள்ளிக்கிட்டு வந்துருவாங்களே."

"நான் நிக்கிறேன்."

தடுப்புக்கு முதுகைக் கொடுத்து, கூட்டத்தைப் பார்க்கத் திரும்பி நின்றுகொண்டாள். கையை இரண்டு பக்கமும் நீட்டிக் கம்பியைப் பிடித்தாள். பின்னால் பூட்ஸ் ஓடுகிற சத்தம் கேட்டது. அந்த ஒரு நேரத்தில் அவள் பார்க்க வேண்டியது ஒரே ஒரு கதவு. அந்தக் கதவுக்குத்தான் முதுகைக் காட்டி நின்றாள். திரும்பினால் கை நழுவும்.

"சந்து அடச்சிருக்கு. முன்னாடிப் போங்க. முன்னாடிப் போங்க."

"நீ யாரும்மா சொல்றதுக்கு? போலீசா?"

"முன்னாடிப் போங்க."

ஒருவன் கம்பி மேல் காலை வைத்து ஏறப் பார்த்தான். அவன் சட்டையைப் பிடித்து இழுத்தாள். அவன் கெட்ட வார்த்தை சொன்னான். சொல்லட்டும். காது மட்டும் பின்னால் இருந்தது. பூட்டுத் திறக்கிற சத்தம், ஒரு குரல், ஓர் இருமல், ஏதாவது. தப்பட்டை எல்லாவற்றையும் அமுக்கிவிட்டது. மூக்கை உறிஞ்சிப் பார்த்தாள். சாம்பிராணியும் வியர்வையும்தான் வந்தன.

தேர் முனையில் அசைந்து திரும்பியது. "தில்லையம்பலம்" என்று வீதி முழுக்க ஒரே குரல். அந்தக் குரலோடு ஒரு தள்ளு வந்தது. அவள் விரல்கள் ஒவ்வொன்றாகக் கம்பியை விட்டன. தடுப்பு நின்றது, அவள்தான் நிற்கவில்லை. கழுத்தைத் திருப்பிப் பார்த்தாள். தலைகள்தான் தெரிந்தன.

அப்புறம் அவள் எதிர்க்கவில்லை. வீட்டுக்குப் போக இனி ஒரே வழி, ஊரையே சுற்றிக்கொண்டு போவதுதான். தெற்கு வீதி முழுக்கக் கூட்டம் நடந்த நடையைத்தான் அவளும் நடந்தாள். யாராவது வெடிச் சத்தம் கேட்டதாகச் சொல்கிறார்களா என்று பக்கத்தில் பேசுகிறவர்களின் பேச்சை ஒட்டுக்கேட்டாள். ஒருத்தி நகையைப் பற்றிப் பேசினாள், ஒருவன் பரங்கிப்பேட்டை நண்டைப் பற்றிப் பேசினான். மேலவீதியில் கூட்டம் இளகியதும் ஓடினாள். மோர்ப் பந்தலில் ஒருவர் டம்ளரை நீட்டினார், தட்டிவிட்டுக்கொண்டு ஓடினாள். செருப்பு எங்கே போனதென்று தெரியவில்லை. தார் ரோடு காலைச் சுட்டது.

வடக்கு வீதியில் போன் அடித்தது. இளமதியாக இருக்கும் என்று, பார்க்காமலே எடுத்தாள். தட்சிணாமூர்த்தி.

"சத்யா, டிவில பாத்தியா? ஒரு சின்ன சம்பவம்கூட இல்ல! தேர் முனை திரும்பிடுச்சு. பெரிய அதிகாரியே போன் பண்ணாரு, கம்ப்யூட்டர்ல போட்டபடியே நடக்குதுன்னு. அடுத்த வருஷமும் நமக்குத்தாம்மா!"

"சார், திரும்பிப் போவணும்னு ஒருத்தி நின்னா சார். போக முடியல."

"எவ அவ?"

"நான்."

"ஒரே ஒரு ஆளுதான?" என்றார்.

"ஒரு ஆளுன்னு உங்களுக்கு எப்படித் தெரியும் சார்?" மூச்சு வாங்கியது, ஆனாலும் நிறுத்தவில்லை. "திரும்ப முடியாதவங்க எல்லாம் முன்னாடி போறவங்க மாதிரித்தான் தெரிவாங்க. நாம அப்படித்தான எழுதுனோம்? ஆரோக்கியம் சொன்னத எடுக்கச் சொன்னது நாமதான் சார். மொதல்ல அதத் திரும்பப் போடணும்."

"சரி சரி, திங்கக்கிழம பேசிக்கலாம். நீ ஏன் இப்படி மூச்சு வாங்குற?"

போனை அணைத்துவிட்டாள். வடக்கு வீதி முடிந்து கீழவீதிக்குள் ஓடினாள். தேர் போய்விட்ட கீழவீதி காலியாகக் கிடந்தது. நசுங்கிய வாழைப்பழமும் ஒற்றைச் செருப்புகளும் கிடந்தன. சந்து வாயில் தடுப்பு ஓரமாக ஒதுக்கப்பட்டிருந்தது. தமிழ்மணி அங்கே வந்து நின்றிருந்தார். அவளைப் பார்த்ததும் சாவியை எடுத்து நீட்டினார்.

"அடுப்பு அணைஞ்சிதான் கெடந்துச்சு. கேஸ் நாத்தம் ஜாஸ்தி. சிலிண்டர மூடி எல்லாத்தையும் தொறந்து உட்டேன். பெரியவரு கட்டில்ல உக்காந்திருந்தாரு. தலவலிக்குதுன்னாரு, மொகத்தக் கழுவச் சொன்னேன். ஒண்ணும் இல்ல." தமிழ்மணி தொப்பியைச் சரிசெய்துகொண்டு தெற்கு வீதிப் பக்கம் நடந்தார்.

அவர் திட்டியிருந்தால் அவளுக்குத் தேவலை என்றிருந்தது.

வீட்டில் எல்லாச் சன்னலும் திறந்திருந்தன. சடையப்பன் கட்டிலில் உட்கார்ந்து, ஈர முகத்தைத் துண்டால் துடைத்துக்கொண்டிருந்தார். அவள் போய்த் தரையில் அவர் காலடியில் உட்கார்ந்தாள். அவர் அவள் காலைப் பார்த்தார்.

"செருப்பு எங்கம்மா?"

"போச்சு மாமா."

"ம்." துண்டை மடித்தார். அவர் கண் அன்றைக்குத் தெளிவாக இருந்தது. "ஒரு போலீசுக்காரன் வந்தான். பெரியவரே, உங்கள வெளிய பூட்டுனது மருமவதானான்னு கேட்டான். நாந்தான் பூட்டிக்கிட்டேன்னேன்."

"மாமா…"

"வெளிய தொங்குற பூட்ட உள்ள இருந்து எப்படிப் பூட்டுவீங்கன்னான். கேப்பானில்ல, போலீசுக்காரன். எங்க வூட்டுப் பூட்டு அப்படித்தான்யான்னு சொல்லிட்டேன். அதுக்கு மேல அவன் ஒண்ணும் கேக்கல."

அவள் அவர் முழங்காலில் முகத்தை வைத்துக்கொண்டு அழுதாள். அவர் அவள் தலையைத் தடவவில்லை, சமாதானம் சொல்லவில்லை. திறந்திருந்த கதவைப் பார்த்தார்.

"பூட்டறதா இருந்தா பூட்டிட்டுப் போம்மா" என்றார். "அடுப்ப மட்டும் அணைச்சிட்டுப் போ."